நாற்பத்தோராவது வரி

தார்த்து நகரில் இரவு பதினொன்று.
ஜன்னலுக்கு வெளியே மைனஸ் பத்தொன்பது.
பகலெல்லாம் பொய்ப்பல் வார்க்கும் ஊர்வே
சமையல் மேசையில் நிரல் எழுதுகிறாள்.
மூன்றாவது வாரம்.
ஒரு காற்புள்ளியைத் தேடியே
ஒரு ஞாயிறு போயிற்று.

இன்று ஓடியது.
பத்தாண்டுப் பழைய பங்கு விலைகளின்மேல்
ஒரு கோடு
சறுக்காமல், மூச்சு வாங்காமல்
ஏறிக்கொண்டே போனது.
ஆயிரம் யூரோ, ஒன்பது லட்சம்!
தாவெத்தை எழுப்பிச் சொல்ல எழுந்தவள்
பாதி வழியில் திரும்பினாள்.

முதல் முறையே கச்சிதமாகப் பொருந்தும் பல்லை
அவள் ஒருநாளும் நம்பியதில்லை.
எங்காவது உரச வேண்டும்.

விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள்.
நாற்பத்தொன்றில் கிடந்தது,
ஒரு பொடிக் கழித்தல் குறி.
இன்று வாங்குமுன்பே
நாளைய விலையை
எட்டிப் பார்த்திருக்கிறது நிரல்.
அதைச் சொல்லிக் குற்றமில்லை,
பார்க்கச் சொன்னவள் இவள்தான்.

குறியை அழித்தாள்.
ஆயிரம் யூரோ
எழுநூற்றுப் பன்னிரண்டு ஆனது.
கோடு தடுக்கி விழுந்தது, எழுந்தது,
மறுபடி விழுந்தது.

அதை வெகுநேரம் பார்த்திருந்தாள்.

சேமிக்கப் பெயர் கேட்டது கணினி.
'நேர்மை' என்று தட்டினாள்.
கொஞ்சம் அதிகமாகப் பட்டது.
அழித்துவிட்டு
'இரண்டு' என்று வைத்தாள்.