நாற்பத்தேழாம் ரசீது

கேட்டிருக்கிறீர்கள், ரன்வோ அவர்களே,
சிவப்பு மையில், இரண்டு கோடு போட்டு:
"வருடத்தில் பாதிக்குமேல் நனைகிற தீவில்
மழைக்கு வாடகை எதற்கு?"

நியாயம்தான்.
கையெழுத்துப் போடும்போது எனக்கும் தொண்டைவரை வந்த கேள்வி.
ஆனால் அந்த வாரம் சாண்டோயில்
வெயில் அடித்தது.
நான்கு நாள், பல்லைக் காட்டிக்கொண்டு.
படகு மூழ்கிய சேதி கரைக்கு வரும் காட்சி அது.
பின்னால் ஆடுகள் சுகமாகக் குளிர்காய்ந்தால்
யாருக்கு அழுகை வரும்?

ஆகவே ஊர்த் தீயணைப்பு வண்டி. டீசல் தனி.
முப்பது மீட்டர் குழாய், ஒட்டுப்போட்டது.
தண்ணீர் ஓடையிலிருந்து;
அதற்குக் கணக்கு எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள்.
குழாய் பிடித்தவர் ஸ்வென்னிங், மற்ற நேரத்தில் ரொட்டிக்கடைக்காரர்.
"வீடு எரிந்தபோதுகூட இவ்வளவு நேரம் அடித்ததில்லை" என்றார்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் கேட்பீர்கள்.
பன்னிரண்டு: கடலடிச் சுரங்கச் சாலைக்குச் சுங்கம், ஒன்பது தடவை.
பத்தொன்பது: மீன் சூப், நாற்பது பேருக்கு.
முப்பத்தொன்று: ஆட்டுக்கடா. சாகவில்லை.
காமிராவைப் பார்த்தபடி அது நின்றதற்கு
சொந்தக்காரர் கேட்ட கூலி.
நூறு செலவழித்தால் முப்பத்தைந்து திரும்பும் என்கிறது உங்கள் சட்டம்.
கடாவில் முப்பத்தைந்து என்றால்
தலையும் முன்னங்கால்களும் அரசாங்கத்துடையவை
என்று எடுத்துக்கொண்டேன்.
"என் வரிப்பணத்தில் ஆடு நடிக்கிறதா?" என்று
மீன் தொழிற்சாலை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்
குப்பைத் தொட்டியருகே என்னை நிறுத்திக் கேட்டார்.
நன்றாகவே நடித்தது என்றேன்.

ஒன்பதாம் கட்டத்துக்கும் கோடு போட்டிருக்கிறீர்கள்:
"மொழிக்கும் பண்பாட்டுக்கும் விளைந்த பயன்."
காலியாக விட்டது மறதியால் அல்ல.
அதை எந்த அளவுகோலில் எழுதுவது, கிலோவிலா?

பையன் ரோக்கூருக்கு ஒன்பது வயது.
நாள் முழுக்கப் போனில் விளையாட்டு.
சண்டை ஆங்கிலத்தில், கெஞ்சல் ஆங்கிலத்தில்,
ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் சாவதும் ஆங்கிலத்தில்.
நம் பேச்சை அவன் வைத்திருந்தது
பால் கேட்க, காலுறை தேட.

வானத்தைப் பார்த்து ஏதாவது திட்டு என்றாள் மால்ஃப்ரி.
திரைக்கதையில் அவ்வளவுதான் இருந்தது.
வாயைத் திறந்தான், தண்ணீர் உள்ளே போனது.
துப்பிவிட்டு ஆங்கிலத்தில் ஒன்று சொன்னான். கட்.
மறுபடியும் அதுவே. கட்.
மூன்றாம் முறை குழாயின் ஒட்டுப் பிய்ந்து
பையன் மீதே மொத்தமாகப் பீறிட்டது.
அப்போது வந்தது, வயிற்றிலிருந்து,
ஈரமும் ஆட்டுப்புழுக்கையும் பிசைந்த ஒரு சொல்.
அகராதியில் இல்லை. இரண்டு அகராதி பார்த்தேன்.
இலக்கணம் மட்டும் சுத்தமாக நம்முடையது;
கோபத்தின் உச்சியிலும்
வேற்றுமை உருபைச் சரியாக ஒட்டியிருந்தான்.

இங்கே எழுத மாட்டேன். இது அரசாங்கக் கோப்பு.

ஞாயிறு இரவுச் செய்திக்குப் பின் படம் ஒளிபரப்பானது.
புதனன்று பள்ளி வாசலில் அந்தச் சொல்லைக் கேட்டேன்,
பந்து வேலி தாண்டியதற்காக ஒரு சிறுமி.
பின்னொரு நாள் துறைமுகத்தில்,
கயிறு நழுவிய ஒரு பெரிய ஆள்.
அவர் படம் பார்த்தவராகத் தெரியவில்லை.

ஆகவே ஒன்பதாம் கட்டத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள்:
வசவு, ஒன்று.
புதியது.
ரசீது கிடையாது.

மழையை வெட்டுவதென்றால் வெட்டுங்கள்.
ஆட்டை மட்டும் விட்டுவிடுங்கள்,
சொந்தக்காரர் தினமும் போன் செய்கிறார்.

இதை எழுதும் இந்த நேரம் தோர்ஷாவ்னில்
ஜன்னலைச் சாய்வாக அறைந்துகொண்டிருக்கிறது,
மூன்றாம் நாளாக,
பில் எதுவும் இல்லாமல்.

இப்படிக்கு,
பெய்ன்டா, கணக்குப் பிரிவு.