இடுப்புக்கு மேலே

மூதூர் லாஞ்சிக்கு ரிக்கற் கொடுக்கிற
பெட்டி மாதிரி ஓர் அறையில்
ஒன்பது வருசம் இருந்தேன்.
முன்னால் அரைவட்டமாய் ஓர் ஓட்டை.
சல்லி உள்ளே வரும், துண்டு வெளியே போகும்.
கடல் எனக்கு இடப்பக்கம்,
அதனால் எந்நேரமும்
இடப்பக்கம்தான் திரும்பியிருப்பேன்.

சின்னலெப்பை தந்த கச்சான் சரையைப்
பிரித்தபோதுதான் முதலில் கண்டேன்.
உப்பு ஒட்டிய தாளில்
மதுரையை எரிக்கப் போகிறாள் ஒருத்தி.
சிலம்பு தூக்கிய கை யாருடையதோ.
காது என்னுடையது.
தோட்டுக்குக் குத்தும்போது பிசகி
இரண்டாந்தரம் குத்திய துளையோடு.
மூலையில் கையெழுத்து: நிலாவெளியான்.

பிறகு தேடத் தொடங்கினேன்.
சலூனில், பல் டாக்டரின் வாங்கில்,
பள்ளிக்கூடக் கொப்பிகளின் உறையில்.
யமனோடு வழக்காடியவள்
என் மூக்கால் மூச்சு விட்டாள்.
வெள்ளரசுக் கிளையோடு கப்பலில் வந்த பிக்குணிக்கு
மழித்த தலைக்குக் கீழே என் நெற்றித் தழும்பு.
வாளெடுத்த ராணி
வெள்ளைக்காரத் தளபதியைப் பார்த்தாள்,
மாற்றின சல்லி இல்லை என்று
நான் சொல்கிற அதே முகத்தோடு.
எல்லோரும் இடப்பக்கம் திரும்பியிருந்தார்கள்.
ஒருத்திக்கும் இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை.
புகை, அலை, கோட்டை மதில்,
சிலவேளை வெறும் கதைத் தலைப்பு.

ஆளைக் கண்டுபிடிக்க ஒரு மாரிகாலம் ஆயிற்று.
திங்கட்கிழமை முதல் லாஞ்சிக்கு
தோல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரும்
சித்திர வாத்தியார்.
நகக்கண்ணில் கறுப்பு மை.
‘மூதூர், ஒன்று’ என்பதைத் தவிர
என்னோடு ஒரு சொல் பேசாதவர்.
நானும் கேட்கவில்லை.
கேட்டால் அடுத்த கிழமை
வேறு யாருடையதோ காதை வைத்துவிடுவார் என்று பயம்.
பயமா, வேறா, அதை விடுங்கள்.

கடைசியாக வந்தது எங்கள் ஊர்க் கதை.
பேழையில் அடைத்துக் கடலில் விட்ட இளவரசி
மூடி திறந்து எழுகிறாள்.
பின்னால் கோணமலை.
பேழையின் விளிம்பு என் கவுண்டர்ப் பலகையேதான்,
ஆணியடித்த தகரக் கீற்றுக்கூட.
அவருக்கு வேறென்ன தெரியும், பாவம்.
பலகைக்கு மேலேதானே பார்த்தார்.

அன்று கடல் கொந்தளிப்பு, லாஞ்சி ஓடவில்லை.
படத்தை ரிக்கற் கட்டின் மேல் விரித்து
நீலப் பேனையால்
பேழைக்கு வெளியே ஒரு கால் வரைந்தேன்.
சரியாக வரவில்லை.
முழங்கால் எங்கே மடியும் என்று
மேசைக்கு அடியில் குனிந்து
என்னுடையதைப் பார்த்து வரைந்தேன்.
மணலில் ஊன்றும் பாதத்துக்கு
ஒரு பாட்டாச் செருப்பு.
வார் அறுந்த இடத்தில் ஊசிப் பின்.

திங்கட்கிழமை அவருடைய துண்டோடு சேர்த்து
அதையும் ஓட்டையால் தள்ளினேன்.
நின்று பார்த்தார்.
பின்னால் வரிசை சத்தம் போட்டது.
மிச்சச் சல்லி எடுக்காமலே போனார்.

பின்னேரம் கணக்குப் பார்க்கையில்
ஐம்பது சதம் கூடியிருந்தது.
காரணம் எழுதும் இடத்தை
வெறுமையாய் விட்டேன்.