படிவம் நிரப்புதல், ஆம்பூருக்குக் கிழக்கே

பச்சையம்மாள் வீட்டு வாசலுக்கு
வட ஆர்க்காடு, அம்பேத்கர், வேலூர், திருப்பத்தூர் என்று
நாலு மாவட்டம் வந்துவிட்டது.
வேப்பமரம் நகரவில்லை.

"எத்தனை பேர்?"
"மூணு. பெரியவன் லடாக்குல பட்டாளம்.
அவன அங்கயும் எழுதி, இங்கயும் எழுதிடாத."

"தண்ணீர் எவ்வளவு தூரம்?"
பாலாற்றுப் பக்கம் முகவாயை நீட்டினாள்.
"ஆறு இதோ.
தண்ணிதான் நானூறடி கீழ."
என் படிவத்தில்
நடந்துபோகிற தூரத்துக்கு மட்டும் கட்டம்.

ஷூ கம்பெனி வேன் நின்றது.
இறங்கிய மருமகள் கோமளாவின் விரலில்
இன்னும் பசை.
"வயசு?"
"ஆதார்லயா, நெசத்துலயா?"

சின்னவன் சிரித்தான்.
மாவட்டத்தின் பெயரைக் கடைசியில் எழுதினேன்,
பென்சிலால்.