ஒன்பது புள்ளி ஏழு எட்டு

யஷ்வந்தபுரம் வெங்காய மண்டியில்
விடியுமுன் ஐந்தேகாலுக்கு
எங்கள் தராசு உளறத் தொடங்கியது.
ஐம்பது கிலோ மூட்டையை ஏற்றினால்
நானூற்று எண்பத்தொன்பது கிலோ என்றது திரை.
ஹமாலிகள் சிரித்தார்கள்.
கெம்பண்ணா சிரிக்கவில்லை.
"இந்தக் கணக்குக்கு நான் பணம் குடுத்தா
சாயங்காலத்துக்குள்ள சன்னியாசிதான்"
என்றார் கன்னடத்தில்,
பிறகு எனக்காக இன்னொரு முறை தமிழில்.

சாக்கின் மேல் மடிக்கணினியை வைத்துத் திறந்தேன்.
நிரலுக்குள் ஒரு பெயர்: வெயிட்.
பக்கத்தில் ஒரு எண். அவ்வளவுதான்.
இனிஷியல் போடாமல் எழுதிய பேர் மாதிரி,
எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் நின்றது.

எழுதியவர் பெள்ளியப்பா.
எட்டு மாதம் முன்பே வேலையை விட்டுவிட்டு
மடிக்கேரிப் பக்கம் மிளகு பார்க்கப் போய்விட்டார்.
அழைப்பில் இருந்த ஏழு பேரும் அவரைத்தான் திட்டினார்கள்.
அங்கே இல்லாதவரைத் திட்ட
அலகு எதுவும் தேவைப்படவில்லை.

சும்மா இருக்க முடியாமல்
நானூற்று எண்பத்தொன்பதை ஐம்பதால் வகுத்தேன்.
ஒன்பது புள்ளி ஏழு எட்டு.
பின்கழுத்து சில்லென்றது.

திருப்பத்தூரில், ஒன்பதாம் வகுப்பில், தமிழ்வழியில்
'எடை ஐம்பது கிலோ' என்று எழுதி
ஒரு மதிப்பெண்ணைத் தொலைத்தவள் நான்.
நிறைக்குத்தான் கிலோ. எடைக்கு நியூட்டன்.
சிவப்பு மையில் இரண்டு சுழி.
அன்று மாலை ரேஷன் கடைக்கு அனுப்பும்போது
"எடையப் பாத்து வாங்குடி" என்றார் அம்மா.
"நியூட்டன்லயா?" என்றேன்.
முதுகில் ஓர் அடி.
பன்னிரண்டு அங்குலம் இருக்கும்.

ஆக, பெள்ளியப்பா தப்பே செய்யவில்லை.
மூட்டை தட்டை அழுத்தும் விசையை
அதன் சரியான பெயரால் அழைத்திருக்கிறார்.
பாடப்புத்தகத்தின் ஒன்பது புள்ளி எட்டிலிருந்து
ஒரு மயிரிழை குறைத்துக்கொண்டு
பெங்களூர் மேட்டு நிலம் என்றுகூட
அந்த உணரிக்குத் தெரிந்திருக்கிறது.
திரையில் 'கிலோ' என்று ஒட்டியவர்கள் நாங்கள்.

சொன்னேன்.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
"சரிதான், ஆனா யாரு அப்படிப் பேசறாங்க?"
என்றாள் தீபன்விதா.
"எத்தனை பாயிண்ட் வேலை?" என்றார் மேலாளர்.
"பத்து நிமிஷம்."
"பாயிண்டில் சொல்லுங்க."
"முப்பதுக்குள்ள முடியலன்னா கனெக்‌ஷன் விட்டுடும்"
என்று இன்னொருவர்.
முப்பது வினாடியா, மில்லி வினாடியா
என்று கேட்டதற்கு
பார்த்துச் சொல்கிறேன் என்றார்.
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சிந்திய சோளத்தை ஒரு மைனா
கொத்திக் கொத்தி எடுத்தது.
யூனிட்டுக்கும் அலகு என்கிறோம்,
அதன் மூக்குக்கும் அலகு என்கிறோம்.
அது மட்டும் குழம்பாமல்
ஒரு தடவைக்கு ஒரு மணி என்று
கணக்காகத் தின்றது.
எனக்கு அப்போது மணி ஆறரை.

வகுத்தல் ஒரு வரி. எழுதினேன்.
பெயரை மாற்றச் சொன்னார்கள்; மாற்றவில்லை.
'வெயிட்' அப்படியே இருக்க
பக்கத்தில் 'நியூட்டன்' என்று சேர்த்தேன்.
பேருக்கு இனிஷியல் கிடைத்தது.
மூட்டை ஐம்பது கிலோவானது.
கெம்பண்ணா அதை நம்பாமல்
பழைய இரும்புத் தராசில்
இன்னொரு தடவை நிறுத்தார்.

அல்சூர் மெட்ரோ வாசலில்
"மல்லிகெ ஒந்து மொள" என்று கேட்டேன்.
"மொளன்னாலும் முழம்னாலும்
இதே கைதான்கா" என்று
குட்டையான முழங்கையை நீட்டி அளந்தாள்
ஒரு சின்னப் பெண்.
அவள் அம்மா இருந்திருந்தால்
நாலு பூ கூட வந்திருக்கும்.

இரவு பெள்ளியப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன்:
நீங்கள் எழுதிய வெயிட் சரி.
யாராவது ஒருத்தராவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பதினோரு மணிக்குப் பதில் வந்தது.
எந்த வெயிட்?