கீழ்ப்பாதி

திருக்கடலூர்க் கரையில் எங்கள் சங்கத்துக்கு
ஒரு கரும்பலகை உண்டு.
மேலே தகரம், தகரத்தின் கீழே ஒரு பல்பு.
விடியப்புறம் மூன்றரைக்குப் போய்
மேல்பாதியில் எழுதுவேன்:
வாடை, மணிக்கு முப்பத்தைந்து.
நீரோட்டம் தெற்கே.
போனவை இருபத்தொரு போட்.
கீழ்ப்பாதியில் எழுதுவதில்லை.

போன மாதம் நகை அடகுக் கொம்பனியிலிருந்து
நிதுர்ஷன் என்றொரு தம்பி வந்தார்.
ரை கட்டியிருந்தார். சப்பாத்துக்குள் மணல் போய்
ஒற்றைக் காலில் நின்று தட்டினார்.
பலகையையும் தட்டிப் பார்த்தார்,
ஆடு வாங்க வந்தவர் மாதிரி.
"கீழ்ப்பாதி சும்மாதானே கிடக்கு, அக்கா.
மாசம் இருபத்தையாயிரம் தருவம்.
பெயின்ற் எங்கட செலவு.
வட்டி வீதத்தை மட்டும்
நீங்க நாளுக்கு நாள் எழுதிவிட்டாச் சரி."

ஞாயிறு கூட்டம்.
கனகேஸ்வரன் கணக்குக் கொப்பியை விரித்தார்.
லைட் பில் மூன்று மாதம் பாக்கி.
வயர்லெஸ் பற்றரி செத்து ஒன்றரை வருசம்.
"இருபத்தையாயிரம்" என்றார்.
யாரும் கேட்காமலே
இன்னொரு தரம் சொன்னார்.

மீன் ஏலம் எடுக்கிற நௌபர் சொன்னார்:
"கோயில் நோட்டீசில சீமெந்துக் கடை இருக்கு,
பள்ளிவாசல் கலண்டரில புடவைக் கடை இருக்கு.
ஆராவது கோவிச்சவையா?"
"இண்டைக்கு அடகு, நாளைக்கு எலெக்சன்,
அதுக்குப் பிறகு சாராயம்" என்றான் டிலக்சன்.
"சாராயக்காரன் கூடத் தருவான்"
என்று பின்வாங்கில் ஒரு குரல்.
சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நான் வாய் திறக்கவில்லை.
என் காப்புச் சோடி
அதே கொம்பனியின் இரும்புப் பெட்டியில் கிடக்கிறது,
தவணை தை பதினெட்டு.
காற்றின் வேகத்துக்கு நேர் கீழே
அவர்கள் வட்டியை என் கையால் எழுதுவதை
நினைத்துக்கொண்டிருந்தேன்.
இலக்கத்தின் கீழ் இலக்கம்.
இருட்டில் எஞ்சினைத் தோளில் வைத்து
ஓடி வருகிறவன்
எதைப் பார்ப்பான்?

அப்போது பெர்னடெத் எழும்பினாள்.
"என்ர மனிசன்ர பேர்
பதினொரு நாள் கிடந்த இடம் அது."
அவ்வளவுதான். இருந்துவிட்டாள்.

வாசலில் தேத்தண்ணியோடு இருந்த நிதுர்ஷனுக்கு
யாரோ மெல்லச் சொன்னார்கள்:
திரும்பாத போட்டின் பெயர் மட்டும்தான் அங்கே.
வெறுமையாய்க் கிடந்தால்
எல்லாரும் வந்தாயிற்று.
அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

அதோடு முடிந்திருக்கலாம்.
கனகேஸ்வரன் கொப்பியை மூடிக்கொண்டே
"அண்டைக்குப் பற்றரி இருந்திருந்தா..." என்றார்.
மிச்சத்தை விழுங்கிவிட்டார்.
பெர்னடெத் அவரைப் பார்த்தாள்.
காற்றாடி மட்டும் சுற்றியது.

கை தூக்கினோம்.
வேண்டும் பதினாலு, வேண்டாம் பதினாலு.
எண்ணியவள் நான்.
என் கையை எண்ணவில்லை.

கூட்டம் ஒத்திவைப்பு.
கொம்பனி காத்திருக்கவில்லை.
எதிர்க் கம்பத்தில் தாள் ஒட்டினார்கள்,
கழுத்து நிறையச் சங்கிலியோடு ஒரு பெண்.
இரவு கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து
பசை ருசிக்குத் தின்றிருக்கின்றன,
காலையில் நெற்றியும் ஒரு கண்ணும்தான் மிச்சம்.

இன்று பல்பும் போய்விட்டது.
போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்தபடி எழுதினேன்:
வாடை, நாற்பது. போனவை பத்தொன்பது.

இப்போது பதினொன்றரை.
பதினெட்டு, கரையில்.
சோக்கட்டியோடு கீழ்ப்பாதிக்குக் குனிந்து
முதல் எழுத்தைப் போட்டுவிட்டு நிற்கிறேன்.
வடக்கே ஓர் இரைச்சல்.
எஞ்சினாக இருக்கலாம்.
காற்றாகவும் இருக்கலாம்.