முப்பத்திரண்டு

கயிந்தி சர்க்கரை ஆலையில்
எடைமேடைக் கணினி செத்த அன்று
வெள்ளை பீட்ரூட் லாரிகள்
ரயில்வே கேட்டைத் தாண்டியும் நின்றன.

பழைய ஹார்டு டிஸ்க்
மூன்று முறை கனைத்துவிட்டு
ஓய்ந்தது.
பிஷ்கெக் சந்தையில் கிடைத்ததிலேயே சிறியது
எண்பது ஜிபி.
‘இதைவிடச் சின்னது யாருக்கு வேணும்?’
கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

போர்டுக்கு வேண்டும்.
அதை மாற்றவும் வழியில்லை,
தராசின் அட்டை வேறு எந்தப் போர்டிலும் ஏறாது.

மாட்டினேன்.
நினைவகத்தை எண்ணி முடித்துத்
திரை நின்றது
டிஸ்க்கைத் தேடும் வரியில்.
பிழை என்று சொல்லவில்லை.
மாட்டேன் என்றும் சொல்லவில்லை.
முப்பத்து மூன்றே முக்கால் வரை
எண்ணத் தெரிந்த ஒன்றின் முன்
எண்பது வந்து நின்றால்
திறந்த வாய் திறந்தபடி.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டுமாம்.
செத்த டிஸ்க்கின் முதுகிலிருந்து
அரிசியளவு ஜம்பர் ஒன்றைப்
புருவச் சாமணத்தால் பிடுங்கினேன்.
புதியதன் இரண்டு ஊசிகளில் செருகினேன்:
கேட்டால் முப்பத்திரண்டு என்று சொல்.
சொன்னது.
உள்ளே விட்டது போர்டு.

முதல் லாரி ஒமுர்சாக்கினுடையது.
சாலைச் சாவடிச் சீட்டில் இருபத்திரண்டு டன்.
மேடையில் இருபத்தொன்பது.
சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு
‘மேடை சொல்றதையே எழுது புருல்கான்’ என்றான்.
எழுதினேன்.
ஒரே வண்டிதான்,
கேட்கிற ஆள்தான் வேறு.

இரவு ஒன்பதுக்குக் கடைசி லாரி.
டிஸ்க்கின் மேல் கை வைத்துப் பார்த்தேன்.
முழுசாகத்தான் சுற்றுகிறது.
யாரும் எழுதாத நாற்பத்தெட்டும்
சேர்ந்தே சுடுகிறது,
சோற்றில் மறைத்த
முழுப் பூசணிக்காய்.

மறுநாள் கணக்கறையில்
ராய்சா கென்ரிகோவ்னா
இரண்டு காகிதங்களை ஒட்டிவைத்துப் பார்த்தாள்.
ரசீதில் எண்பது.
சொத்துப் பதிவேட்டுக்காக
அவள் உதவியாளன் திரையைப் பார்த்துக் குறித்தது
முப்பத்திரண்டு.
மூக்குக்கண்ணாடிக்கு மேலாகக் கேட்டாள்,
‘மீதியை எங்கே விற்றாய்?’

‘உள்ளேதான் இருக்கிறது.
ஓடிக்கொண்டும் இருக்கிறது.’

‘அப்படியானால்
எடை போட்டுக் காட்டு.’

ஜன்னலுக்கு வெளியே
யாரோ ஹாரனை அழுத்தி
எடுக்கவே இல்லை.