மூன்றாவது துளை

முருகேஷ்பாளையா, இரண்டாம் மாடி.
பால்கனி ஆறடிக்கு மூன்றடி.
இதற்குள் என்ன காடு இருக்கிறதென்று
சீட்டு எடுத்த பணத்தில் நான் கேமரா வாங்கிய அன்று
எபநேசர் கேட்டார்.

இருந்தது.
முதல் வாரம் அணிலின் வால் மட்டும் கிடைத்தது.
மீதி அணில் எப்போதும் படத்துக்கு வெளியே
ஏதோ அவசர வேலையாய்ப் போயிருந்தது.
தேன்சிட்டு வந்த காலையில்
செம்பருத்தி நரம்பு நரம்பாய் விழுந்தது,
சிட்டு ஒரு ஊதாக் கறை.
பருந்தென்று நான் கழுத்து வலிக்கக் காத்திருந்தது
பழைய ஏர்போர்ட்டில் இறங்கும் பட்டாள விமானம்.

அப்புறம் அவள் வந்தாள்.
நூலிடை. கறுப்பில் மஞ்சள் பட்டை.
வாஷிங் மெஷின் பிளக் பாயிண்டில்
மூன்று துளைகளில் மேலே உள்ள பெரியதை
எட்டிப் பார்த்தாள், உள்ளே போனாள், பின்பக்கமாய் வந்தாள்,
வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள்
குழாயைத் திறந்து மூடிப் பார்ப்பதுபோல.
பத்து மாத அட்வான்ஸ் கேட்க அங்கே ஆளில்லை.

எதிர்மனையில் அஸ்திவாரத்துக்குத் தோண்டிய செம்மண்
உருண்டை உருண்டையாய் வந்து சேர்ந்தது.
ஸ்டூலில் முழங்கையை ஊன்றி
மூச்சைப் பிடித்து
உருண்டைக்கு நாற்பது படம்.

அப்புறம் பச்சைப் புழுக்கள்.
கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்
என்று சொல்லி வைத்தவர்களிடம் லென்ஸ் இல்லை.
இரவில் பெரிதாக்கினேன்.
அடுத்தடுத்த இரண்டு படங்களில்
புழுவின் தலை வேறு வேறு இடத்தில் இருந்தது.
சாகவில்லை.
எதுவாகவும் ஆகப்போவதுமில்லை.
ஒருத்தியின் பிள்ளைக்கு அது சோறு.
எழுந்துபோய்க் கீரை ஆய்ந்தேன்.
அதிலும் ஒரு பச்சைப் புழு.
தூக்கி எறியாமல் பால்கனித் தொட்டியில் விட்டேன்,
யாருக்கென்று தெரிந்தே.

மறுநாள் வாசலைப் பூசிவிட்டுப் போய்விட்டாள்.

கீழ்வீட்டு ஞானசுந்தரி, தங்கவயல்காரர்,
கொடியில் போர்வை போட வந்தவர் பார்த்துவிட்டார்.
குளவி கூடு கட்டினால் வீட்டில் விசேஷமாம்,
செம்மண் என்றால் பெண்ணாம்.
எனக்கு ஐம்பத்தொன்று.
மாதக் கணக்கு நின்று நாலு வருஷம்.
"ஆமாங்க்கா, பொண்ணுதான்" என்றேன்.
கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.
சிரித்து முடித்ததும் இரண்டு பேரும்
சும்மா கிளிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

எபநேசர்பாடுதான் திண்டாட்டம்.
உள்ளறையிலிருந்து வயர் இழுக்கலாம்.
"குறுக்க வயர் போனா அது எப்படி வெளிய வரும்"
என்று அவரேதான் சொன்னார்.
நாலு வாரம் தன் பேன்ட்டுகளைக் கையால் கும்மினார்.
ஞாயிறு ஆராதனைக்கு வெள்ளைச் சட்டை
காலரில் அழுக்குக் கோட்டோடு போயிற்று.

நான் தினமும் ஆறரைக்கு, அதே ஸ்டூல், அதே கோணம்.
மண்.
மண்.
ஒருநாள் மண்ணில் மயிரிழை விரிசல் என்று
கத்தி அவரை எழுப்பினேன்.
லென்ஸில் ஒட்டிய என் இமை முடி.

முப்பத்திரண்டாம் நாள் மண்ணை எடுக்கவில்லை.
வாளிமேல் குனிந்து
ஜீன்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவரை எடுத்தேன்.
மீசையில் நுரை.
"இரு, பனியனாவது போட்டுக்கறேன்."
இருக்கவில்லை. பதினோரு படம்.

இரவில் பெரிதாக்கினேன்.
அவர் காதுக்குப் பின்னால், சுவரில்,
செம்மண்ணில் வட்டமாய் ஒரு ஓட்டை.
அதற்கும் மேலே, படத்தின் ஓரத்தில்,
ஃபோகஸ் இல்லாமல்
அரிசி அளவு மஞ்சள்.

அழிக்கவில்லை.
வெட்டிப் பெரிதாக்கவும் மனம் வரவில்லை,
நுரை போய்விடும்.

பிளக் பாயிண்ட் காலி என்று கூப்பிட்டுச் சொன்னேன்.
குளியலறையிலிருந்து குரல் வந்தது:
"இன்னைக்கு ஊறப் போட்டாச்சு."